பட்டாளத்துக்குப் போய் திரும்பாத சின்ன தாத்தாவை தேடுறது எப்படி? முதல் தடவை தேடுறவங்களுக்கு

நந்தம்பாக்கத்துல மவுண்ட் பூந்தமல்லி ரோட்டு மேலயே ஒரு வார் செமட்ரி, அதாவது போர்ல இறந்தவங்களோட கல்லறைத் தோட்டம் இருக்கு, போரூர் பக்கம் வேலைக்குப் போறவங்க தினம் அதைத் தாண்டித்தான் போவாங்க, நானும் ஒம்பது வருஷம் பைக்ல தாண்டிப் போயிருக்கேன், ஒரு நாளும் உள்ள போனதில்ல. எங்க தாத்தாவோட கூடப்பொறந்த தம்பி ஒருத்தர் ரெண்டாம் உலகப்போர்ல பட்டாளத்துக்குப் போனார், திரும்பவே இல்ல. போளூர் பக்கம் ஒரு சின்ன ஊரு. வீட்டுல போட்டோ கிடையாது, போகி அன்னிக்கு படையல் போடும்போது அவருக்குன்னு ஒரு வேட்டி துண்டு தனியா வெப்பாங்க, அவ்வளவுதான் அவர் இருந்ததுக்கு அடையாளம். எங்க அப்பா இறந்த வருஷம்தான் எனக்கு உறைச்சது, இந்த வேட்டி யாருக்குன்னு சொல்லத் தெரிஞ்ச ஆள் இனிமே வீட்டுல ஒருத்தர்தான் இருக்காங்கன்னு. அப்போதான் தேட ஆரம்பிச்சேன். ரெண்டு வருஷம் ஆச்சு, அதுல ஒரு வருஷம் தப்பா தேடுனதுலயே போச்சு. அந்த ஒரு வருஷம் உங்களுக்கு மிச்சமாகணும்னுதான் எழுதுறேன்.

முதல்லயே முக்கியமானதை சொல்லிடுறேன். அவரோட பேரை தேடாதீங்க. அவங்க அப்பா பேரையும் ஊர் பேரையும் தேடுங்க. ஏன்னு கீழ வரும்.

வீட்டுல இருக்குற பெரியவங்ககிட்ட இருந்து ஆரம்பிங்க, கம்ப்யூட்டரை அப்புறம் தொறக்கலாம்

எங்க அத்தப்பாட்டி, அதாவது தாத்தாவோட தங்கச்சி, தொண்ணூறு தாண்டிட்டாங்க, காது கொஞ்சம் மந்தம், ஆனா பழசு எல்லாம் அப்படியே இருக்கு. "எந்த வருஷம் போனார்"னு கேட்டா சொல்லத் தெரியாது. எந்தப் பெரியவங்களுக்கும் தெரியாது, அதனால வருஷத்தை கேக்காதீங்க, கூட என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. நான் அப்படி மாத்திக் கேட்டப்போ அவங்க சொன்னது: "மெட்ராஸ்ல குண்டு போடப் போறான்னு பட்டணத்து ஜனமெல்லாம் மூட்டை முடிச்சோட நம்ம ஊருக்கு ஓடியாந்துச்சு கண்ணு, நம்ம தாழ்வாரத்துல கூட ஒரு குடும்பம் தங்கியிருந்தாங்க, அவங்க இருக்கும்போதே அண்ணன் போயிடுச்சு." மெட்ராஸை காலி பண்ணிட்டு ஜனம் ஓடினது 1942 ஏப்ரல்ல. ஜப்பான்காரன் கப்பல் வங்காள விரிகுடாவுக்குள்ள வந்துட்டான்னு கவர்மென்ட்டே போகச் சொன்ன நேரம் அது. ஒரு வார்த்தையில எனக்கு வருஷமும் கிட்டத்தட்ட மாசமும் கிடைச்சிடுச்சு.

இந்த மாதிரி கொக்கி நிறைய இருக்கு. ஊர்த் திருவிழா, பெரிய புயல், ஏரி உடைஞ்சது, யார் கல்யாணத்துக்கு முன்னாடி யார் கல்யாணத்துக்கு பின்னாடி, எந்தக் குழந்தை பொறந்திருந்துச்சு. சில பேர் தமிழ் வருஷம் சொல்லுவாங்க, ஜாதகத்துலயும் பழைய பத்திரத்துலயும் அதுதான் இருக்கும். விஷு 1941 சித்திரையில ஆரம்பிக்குது, அப்புறம் வரிசையா சித்திரபானு 1942, சுபானு 1943, தாரண 1944, பார்த்திப 1945. இதை ஒரு பேப்பர்ல எழுதி கையில வெச்சுக்கிட்டு போய் உக்காருங்க.

இன்னொண்ணு, அவருக்கு வீட்டுல திதி குடுக்குறாங்களான்னு பாருங்க. ஆடி அமாவாசை, மகாளய அமாவாசைன்னு பொதுவா குடுத்தா இறந்த நாள் வீட்டுக்கு தெரியலன்னு அர்த்தம். குறிப்பிட்ட ஒரு மாசம், ஒரு திதின்னு வெச்சிருந்தா அது தந்தி வந்த நாளா இருக்கலாம், லெட்டர்ல போட்டிருந்த நாளா இருக்கலாம், எப்படி இருந்தாலும் பஞ்சாங்கத்தை வெச்சு இங்கிலீஷ் தேதியா மாத்திப் பார்த்தீங்கன்னா ரெக்கார்டோட ஒப்பிட ஒரு ஆதாரம்.

போன்ல ரெக்கார்ட் பண்ணிடுங்க. குறுக்க பேசாதீங்க. நான் முதல் தடவை போனப்போ அவங்க மாட்டைப் பத்தி சொல்ல ஆரம்பிச்சதும் "பாட்டி அது இருக்கட்டும், எந்த ரெஜிமென்ட்"னு கேட்டேன், அவங்க அப்படியே அமைதியாயிட்டாங்க, அன்னிக்கு அதுக்கு மேல பேசவே இல்ல. மூணு மாசம் கழிச்சு போனப்போதான் அந்த மாட்டுக் கதை முழுசா வந்துச்சு. அவர் ஓட்டிக்கிட்டு இருந்த ஒரு மயிலைக்காளை, அவர் போனதுக்கப்புறம் யார் பூட்டினாலும் நுகத்தடிக்குள்ள கழுத்தை குடுக்கலையாம், கடைசியா போளூர் சந்தையில வித்துட்டாங்களாம். அவர் எப்படிப்பட்ட ஆளுன்னு எந்த ஆபீஸ் ரெக்கார்டும் எனக்கு இவ்வளவு சொல்லல.

அப்புறம் டிரங்க் பெட்டி

பரண்ல, பீரோ அடியில, நிலப்பத்திரம் வெச்சிருக்குற பெட்டியில பாருங்க. கண்டிப்பா பத்திரத்தோடதான் இருக்கும், ஏன்னா அந்தக் காலத்துல கவர்மென்ட் முத்திரை போட்ட பேப்பர் எல்லாத்தையும் ஒரே இடத்துல வெப்பாங்க.

எங்களுக்கு கிடைச்சது மணியார்டர் கூப்பன், மூணு. அப்போல்லாம் மணியார்டர் ஃபாரத்தோட கீழ்த்துண்டை பணம் வாங்குறவங்ககிட்டயே குடுத்துடுவாங்க இல்லையா, அனுப்புனவர் பேர், விலாசம், ரெண்டு வரி சேதி அதுல இருக்கும். பட்டாளத்து ஆள் அனுப்புனதுன்னா அவரோட நம்பர், ரேங்க், யூனிட் எல்லாம் வந்துடும். ஒரு கூப்பன்ல யாரோ எழுதிக் குடுத்த தமிழ்ல "ஏர் மாடு ஜாக்கிரதை"ன்னு இருந்துச்சு. நான் அதை அத்தப்பாட்டிக்கு படிச்சுக் காட்டினேன்.

லெட்டர் கவர் இருந்தா முத்திரையை பாருங்க, எஃப்.பி.ஓ.ன்னு போட்டு ஒரு நம்பர் இருக்கும், ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ். எந்த நம்பர் எந்த மாசம் எந்த ஊர்ல இருந்துச்சுன்னு தபால்தலை சேகரிக்கிறவங்ககிட்ட லிஸ்ட் இருக்கு, மவுண்ட் ரோடு பெரிய போஸ்ட் ஆபீஸ்ல இருக்குற பிலாட்டலிக் பீரோ பக்கம் போய் விசாரிச்சா இந்த விஷயத்துல ஊறினவங்க யாராவது மாட்டுவாங்க. மெடல் இருந்தா ஓரத்தையும் பின்பக்கத்தையும் லென்ஸ் வெச்சு பாருங்க, இந்திய ஆர்மிக்கு குடுத்த மெடல்ல நம்பரும் பேரும் பொறிச்சிருப்பாங்க. பர்மா ஸ்டார்னா பர்மா பக்கம், ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார்னா அந்தப் பக்கம்னு எங்க சண்டை போட்டார்ங்கறதும் தெரிஞ்சிடும். முதல் உலகப்போர்ல இறந்தவங்க வீட்டுக்கு தட்டு மாதிரி ஒரு பெரிய வெண்கலப் பதக்கம் வந்திருக்கும், அதுல பேர் மட்டும் இருக்கும், ரேங்க் இருக்காது. புளி போட்டு தேய்க்காதீங்க தயவுசெஞ்சு, எழுத்து அழிஞ்சிடும். போட்டோ கண்ணாடியில ஒட்டியிருந்தா பிரிக்காதீங்க, அப்படியே கண்ணாடியோட போட்டோ எடுத்துடுங்க. பேப்பரை லேமினேட் பண்ணவே கூடாது.

விதவை பென்ஷனோ அம்மா பென்ஷனோ வந்திருந்தா பி.பி.ஓ. பேப்பர், அதாவது பென்ஷன் பேமென்ட் ஆர்டர் இருக்கும், அது கிடைச்சா பாதி வேலை முடிஞ்சது.

எந்தப் படைன்னு கண்டுபிடிக்கணும்

நம்ம ஊர்ல எல்லாரையும் மிலிட்டரின்னு ஒரே வார்த்தையில சொல்லிடுவோம், ஆனா ரெக்கார்ட் எங்க இருக்குங்கறது படையைப் பொறுத்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட்னா நீலகிரியில வெலிங்டன். மெட்ராஸ் சேப்பர்ஸ்னா (பாலம், ரோடு கட்டுற எஞ்சினியர் படை), இன்னிக்கு மெட்ராஸ் எஞ்சினியர் குரூப், அவங்களைத்தான் பட்டாளத்துல 'தம்பி'ன்னு கூப்பிடுறது, பெங்களூர். பயனியர் கோர், ஆர்மி சர்வீஸ் கோர் ரெண்டும் பெங்களூர். ஆர்டினன்ஸ் (ஆயுதம், சாமான் ஸ்டோர்), ஈ.எம்.ஈ. (வண்டி, மெஷின் ரிப்பேர்) ரெண்டும் செகந்திராபாத். மெடிக்கல்னா லக்னோ. பழைய போட்டோவுல உயரமா விளிம்பு இல்லாம ஒரு தொப்பி போட்டிருந்தா அது பெரும்பாலும் சேப்பர்.

எங்க சின்ன தாத்தா துப்பாக்கி தூக்கி ஜப்பான்காரனோட சண்டை போட்டார்னுதான் வீட்டுல சொல்லிக்கிட்டு இருந்தாங்க. கூப்பனைப் பார்த்தா பயனியர் கம்பெனி. பயனியர்னா ரோடு போடுறது, கப்பல்ல இருந்து சாமான் இறக்குறது, பாலத்துக்கு கல் சுமக்குறது. எங்க சித்தப்பா ஒருத்தர் இதைக் கேட்டுட்டு முகம் சுண்டிப் போயிட்டார். உங்க வீட்டுலயும் இது நடக்கும், அதனால சொல்றேன், மணிப்பூர் மலையில ரோடு இல்லாம ஒரு படையும் பர்மாவுக்குள்ள திரும்பப் போயிருக்க முடியாது, அந்த மழையில, மலேரியாவுல, குண்டு விழுற இடத்துல அந்த ரோட்டைப் போட்டவங்க இவங்க. வயல்ல மண்வெட்டி புடிச்ச பையனை கூட்டிட்டுப் போய் அங்கயும் மண்வெட்டி குடுத்தாங்க, அங்கேயே அவன் செத்தும் போனான். அவனும் சோல்ஜர்தான், அவனுக்கும் நம்பர் உண்டு, நினைவுச்சின்னத்துல பேர் உண்டு.

இப்போ கம்ப்யூட்டர்

காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷன், சுருக்கமா சி.டபிள்யூ.ஜி.சி., பிரிட்டிஷ் சாம்ராஜ்யப் படைகள்ல இறந்தவங்களோட கல்லறை, நினைவுச்சின்னங்களை பாத்துக்குற அமைப்பு. 1917ல ஆரம்பிச்சது. ரெண்டு உலகப்போர்லயும் இறந்த சுமார் 17 லட்சம் பேரோட விவரம் அவங்க வெப்சைட்ல ஃப்ரீயா தேடலாம். ரெண்டாம் உலகப்போருக்கு 1939 செப்டம்பர் 3ல இருந்து 1947 டிசம்பர் 31 வரைக்கும், முதல் உலகப்போருக்கு 1914 ஆகஸ்ட் 4ல இருந்து 1921 ஆகஸ்ட் 31 வரைக்கும் சர்வீஸ்ல இறந்தவங்களை சேர்த்திருக்காங்க. இதை நல்லா கவனிங்க, சண்டை முடிஞ்சு 1946ல ஆஸ்பத்திரியில காய்ச்சல்ல இறந்திருந்தாலும் அவர் லிஸ்ட்ல இருக்க வாய்ப்பு இருக்கு. குண்டடி பட்டுத்தான் செத்திருக்கணும்னு இல்ல.

எல்லாரும் பண்ற தப்பு, நானும் பண்ணேன், பேரை டைப் பண்ணி தேடுறது. நமக்கு சர்நேம் கிடையாது. அவங்க ஃபாரத்துல சர்நேம்னு ஒரு கட்டம், அதுல நம்ம ஆளோட ஒரே பேரை போட்டிருப்பாங்க. அதை எழுதின கிளார்க் தமிழனா இருக்கணும்னு அவசியம் இல்ல, காதுல விழுந்ததை இங்கிலீஷ்ல எழுதினான். முனுசாமி ஒருத்தரை முனிசாமி, மூனிஸ்வாமி, முனுஸ்வாமி, முன்சாமின்னு நாலு விதமா பாக்கலாம். ழ வந்தா எல் போடுவான், இன்னொருத்தன் இசட் போடுவான். சாமிக்கு டபிள்யூ இருக்கும், இல்லாமலும் இருக்கும், கடைசியில ஐ வரும் இல்ல ஒய் வரும். எங்க சின்ன தாத்தா பேர் ரெக்கார்ட்ல இருந்த ஸ்பெல்லிங்கை நான் பத்து வருஷம் உக்காந்து யோசிச்சாலும் டைப் பண்ணியிருக்க மாட்டேன், நடுவுல ஒரு எழுத்தே காணோம்.

ஆனா பல பதிவுல பேருக்குக் கீழ ஒரு வரி இருக்கும், இன்னாருடைய மகன், இன்ன ஊர், இன்ன ஜில்லான்னு. கல்யாணம் ஆனவர்னா இன்னாருடைய கணவர்னும் இருக்கும். அந்த வரியிலதான் நம்ம ஆள் ஒளிஞ்சிருக்கார். எப்படித் தேடணும்னா, அட்வான்ஸ்டு சர்ச்சுக்குள்ள போங்க, எந்தப் போர்னு குடுங்க, 'சர்வ்டு வித்'ங்கற இடத்துல இந்தியன்னு வைங்க, பேர் கட்டத்தை காலியா விட்டுடுங்க, அடிஷனல் இன்ஃபர்மேஷன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல ஊர் பேரை போடுங்க. வரலைன்னா தாலுக்கா. அதுவும் இல்லன்னா அப்பா பேர். அதுலயும் ஒண்ணும் வரலைன்னா ஜில்லா பேரைப் போட்டு வர்ற மொத்த லிஸ்ட்டையும் டவுன்லோடு பண்ணி எக்செல்ல வரிசையா கண்ணால பாத்துடுங்க. ஒரு ஞாயித்துக்கிழமை போகும், போகட்டும்.

ஜில்லா பேர் அன்னிக்கு இருந்த பேரா இருக்கணும். திருவண்ணாமலை, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எல்லாம் அன்னிக்கு நார்த் ஆர்காட்தான். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி சவுத் ஆர்காட். காஞ்சிபுரம், திருவள்ளூர்லாம் சிங்கில்புட். தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் சேலத்துக்குள்ள. மதுரை மதுரான்னு இருக்கும், திருநெல்வேலி டின்னவெலி, தஞ்சாவூர் டான்ஜோர், திருச்சி டிரிச்சினோபோலி, ராமநாதபுரம் ராம்நாட். இந்த அஞ்சாறு பேர் தெரியாம நான் மாசக்கணக்குல இன்னிக்கு இருக்குற ஜில்லா பேரைப் போட்டு தேடிக்கிட்டு இருந்தேன், ஒண்ணுமே வரல, ஆளே இல்லபோலன்னு விட்டுடலாம்னு கூட நினைச்சேன்.

எனக்கு தாலுக்காவும் அப்பா பேரும் சேர்த்துப் போட்டப்போ மூணு பேர் வந்தாங்க. ஒருத்தரோட சர்வீஸ் நம்பர் கூப்பன்ல இருந்த நம்பரோட அப்படியே ஒத்துப்போச்சு. ராத்திரி ஒண்ணரை மணி, வீட்டுல எல்லாரும் தூங்குறாங்க, யாரை எழுப்புறதுன்னு தெரியல. வயசு இருபதுன்னு போட்டிருந்துச்சு, நாங்க எல்லாரும் மனசுல அவரை ஒரு பெரிய ஆளாத்தான் வெச்சிருந்தோம், தாத்தான்னு வேற சொல்றோம் இல்லையா, என் பொண்ணு காலேஜ்ல படிக்கிறா, அவ வயசு.

எல்லாப் பதிவுலயும் இந்த மகன் கணவர் வரி இருக்காது. வெறும் பேரும் நம்பரும் மட்டும் இருக்குறது நிறைய. அப்போ நம்பர் இல்லாம உறுதி பண்ணாதீங்க. ஒரே பேர்ல பத்து பேர் இருப்பாங்க, ஆசையில யாரோ ஒருத்தரை நம்ம ஆள்னு ஏத்துக்கிட்டா அது அந்த இன்னொரு வீட்டுப் பையனுக்கும் பண்ற துரோகம்.

அந்த வெப்சைட் பக்கத்துல போட்டிருக்குற இடத்தோட பேருக்கு என்ன அர்த்தம்

ரங்கூன் மெமோரியல்னு இருந்தா, பர்மாவுல டவுக்கியான்ங்கற இடத்துல இருக்குற வார் செமட்ரிக்குள்ள பெரிய தூண்கள்ல பேர் வெட்டியிருக்காங்க, கிட்டத்தட்ட 27,000 பேர், எல்லாரும் பர்மா சண்டையில இறந்து சமாதி எங்கன்னு தெரியாதவங்க. எங்க ஆள் அங்கதான். 'ஃபேஸ்'னு போட்டு ஒரு நம்பர் இருக்கும், அது எந்தப் பக்கத்துல பேர் இருக்குங்கறதுக்கு. சிங்கப்பூர் மெமோரியல்னா சிங்கப்பூர்ல க்ரான்ஜிங்கற இடம், அங்க 24,000க்கு மேல பேர், மலாயா சிங்கப்பூர் பக்கம் தொலைஞ்சவங்க பலர் அதுல. கிரிமேஷன் மெமோரியல்னு இருந்தா அவரை அவரோட மத முறைப்படி எரிச்சிருக்காங்கன்னு அர்த்தம், இம்பால், கோஹிமா, டவுக்கியான், இத்தாலியில சாங்ரோன்னு பல இடத்துல இருக்கு, யாரோ பக்கத்துல இருந்து கொள்ளி வெச்சிருக்காங்கன்னு தெரியறதே சில வீட்டுக்குப் பெரிய ஆறுதல். டெல்லி/கராச்சி 1939-1945ன்னு இருந்தா 25,000 பேருக்கு மேல சேர்த்த பொதுவான நினைவு.

காணாம போனவங்களுக்கு போட்டிருக்குற தேதி பல சமயம் ஆபீஸ்ல முடிவு பண்ண தேதி, கண்ணால பாத்த தேதி இல்ல. வீட்டுத் திதியோட ஒத்துவரலைன்னா பயப்படாதீங்க, பெரியவங்ககிட்ட போய் "இத்தனை வருஷம் தப்பான நாள்ல குடுத்திருக்கீங்க"ன்னு சொல்லவும் சொல்லாதீங்க.

நந்தம்பாக்கம் செமட்ரிக்கு அப்புறம் நான் போனேன். 1952ல உருவாக்கினது, தென்னிந்தியாவுலயும் கிழக்கு இந்தியாவுலயும் பராமரிக்க முடியாத கல்லறைங்கள்ல இருந்து ரெண்டாம் உலகப்போர் ஆளுங்களை இங்க கொண்டாந்து வெச்சாங்க, 856 பேர். பின்பக்கம் முதல் உலகப்போருக்கு ஒரு நினைவுச்சின்னம், அதுல ஆயிரத்துக்கு மேல பேர். எங்க ஆள் பேர் அங்க இருக்காதுன்னு தெரிஞ்சேதான் போனேன், ஆனா போய்ட்டு வாங்க, இந்தக் கமிஷன் எப்படி பேர், நம்பர், படை சின்னம், வயசுன்னு வரிசையா எழுதுதுன்னு கண்ணால பாத்தா வெப்சைட்ல படிக்கிறது சுலபமாகும்.

ரெக்கார்ட் ஆபீஸுக்கு லெட்டர்

நம்பரும் படையும் கிடைச்சதும் அந்தப் படையோட ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுங்க. பேரை எத்தனை ஸ்பெல்லிங்ல பாத்தீங்களோ அத்தனையும், அப்பா பேர், ஊர், தாலுக்கா, பழைய ஜில்லா, சேர்ந்த வருஷம், இறந்த தேதி, நீங்க என்ன உறவு, எல்லாம் ஒரே பக்கத்துல. சி.டபிள்யூ.ஜி.சி. பக்கத்தோட பிரிண்ட்டும் உங்க ஐடி ஜெராக்ஸும் வைங்க. பணமோ பென்ஷனோ கேக்கல, குடும்ப வரலாறுக்காக கேக்குறேன்னு தெளிவா எழுதுங்க, இல்லன்னா கிளெய்ம்னு நினைச்சு வேற செக்ஷனுக்கு போயிடும்.

கேக்கும்போது சரியான வார்த்தையில கேளுங்க, இதை எனக்கு ஒரு ரிட்டயர்டு சுபேதார் மேஜர் சொல்லிக் குடுத்தார். ஷீட் ரோல்ங்கறது சர்வீஸ் ரெக்கார்ட், உயரம், அங்க அடையாளம், ஊர், எந்தத் தேதியில சேர்ந்தார் எல்லாம் அதுல இருக்கும். கின்ட்ரட் ரோல்ங்கறது குடும்பத்து ஆளுங்க பேர். ஆனா பென்ஷன் இல்லாதவங்களோட சர்வீஸ் பேப்பரை 25 வருஷம் கழிச்சு அழிச்சிடலாம்னு ராணுவ விதியே இருக்கு. அதனால "டாக்குமென்ட்ஸ் டெஸ்ட்ராய்டு"ன்னு ஒரு வரி பதில் வரும், அதைப் பாத்து நிறைய பேர் அங்கேயே நின்னுடுறாங்க. நிக்காதீங்க. மத்த பேப்பர் எல்லாம் அழிஞ்சாலும் லாங் ரோல்னு ஒரு ரெஜிஸ்டரை வெச்சிருப்பாங்க, ஒரு ஆளுக்கு ஒரு வரின்னு. லாங் ரோல் என்ட்ரியோட நகல் வேணும்னு பேர் சொல்லிக் கேளுங்க.

எனக்கு ஒரு ஆபீஸ்ல இருந்து ஏழு மாசம் பதிலே இல்ல, மறுபடி எழுதினா இது எங்க வேலை இல்லன்னு இன்னொரு இடத்துக்கு அனுப்புனாங்க, அங்க இருந்து திரும்ப பழைய இடத்துக்கே. அப்போ ஆர்.டி.ஐ., அதாவது தகவல் உரிமைச் சட்டத்துல மனு போட்டேன். ஆன்லைன்லயே போடலாம், ஃபீஸ் 10 ரூபாய், 30 நாள்ல பதில் சொல்லியாகணும். அடுத்தவர் அந்தரங்கத் தகவல்னு மறுத்தாங்கன்னா சட்டத்துல 8(3) பிரிவை காட்டுங்க, 20 வருஷத்துக்கு மேல பழைய விஷயத்துக்கு அந்தக் காரணம் செல்லாது. கோபமா எழுதாதீங்க, அங்க இருக்குற ஒரு அவில்தார் கிளார்க் மனசு வெச்சா பழைய ரெஜிஸ்டரை தூசி தட்டி பாப்பார், எனக்கு அப்படி ஒருத்தர்தான் பாத்துக் குடுத்தார். உயரம் அஞ்சடி மூணு அங்குலம், இடது முழங்கால்ல தழும்பு. தழும்பு எப்படி வந்துச்சுன்னு அத்தப்பாட்டிக்குத் தெரியும், பனைமரத்துல இருந்து விழுந்தது.

அவர் இருந்த யூனிட் என்ன பண்ணுச்சு

சிப்பாய் பேரை தனியா எந்த பேப்பர்லயும் எழுதியிருக்க மாட்டாங்க, ஆனா யூனிட்டோட வார் டயரி இருக்கலாம், தினம் எங்க இருந்தாங்க, என்ன வேலை, எத்தனை பேர் சாவுன்னு ஆபீசர் எழுதுறது. லண்டன்ல கியூங்கற இடத்துல இருக்குற நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல பர்மா பக்கம் டபிள்யூ.ஓ. 172ங்கற வரிசையிலயும், ஆப்பிரிக்கா மத்திய கிழக்கு டபிள்யூ.ஓ. 169லயும், இத்தாலி டபிள்யூ.ஓ. 170லயும் இருக்கு. கேட்டலாக் ஃப்ரீயா பாக்கலாம், நகலுக்கு காசு. டெல்லி நேஷனல் ஆர்க்கைவ்ஸோட அபிலேக் படல்ங்கற வெப்சைட்லயும் முதல்ல தேடிப் பாத்துடுங்க, அது ஃப்ரீ.

சென்னையில எழும்பூர் ஆவணக் காப்பகத்துல தனி ஆள் பேர் கிடைக்கும்னு எதிர்பார்த்துப் போகாதீங்க, அந்த ஜில்லாவுல ஆள் எடுத்தது பத்தி, அந்த வருஷத்து பஞ்சம் அரிசி விலை பத்தி அரசாணைங்க கிடைக்கலாம். உள்ள போய் பாக்க என்ன அனுமதி லெட்டர் வேணும்னு முன்னாடியே போன்ல கேட்டுட்டு போங்க. கன்னிமாராவுலயும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்துலயும் பழைய பத்திரிகைங்க இருக்கு. எனக்கு அதுல கிடைச்சது ஒண்ணே ஒண்ணுதான், பட்டாளத்துல சேரச்சொல்லி அந்தக் காலத்து விளம்பரம், சாப்பாடு, துணி, சம்பளம் மூணும் உண்டுன்னு. அவர் ஏன் போனார்னு நான் யார்கிட்டயும் அதுக்கு மேல கேக்கல.

லிஸ்ட்ல இல்லன்னா

முதல் உலகப்போர் ஆள்னா கமிஷன் மேலயே தப்பு இருக்கலாம். 2021ல அவங்களே அறிக்கை விட்டு மன்னிப்பு கேட்டாங்க, இந்தியர்கள், ஆப்பிரிக்கர்கள்னு குறைஞ்சது 1,16,000 பேரை பேர் சொல்லியோ, இல்ல சுத்தமாவோ நினைவுகூராம விட்டுட்டோம்னு. பாஸ்ரா நினைவுச்சின்னத்துல வெள்ளைக்கார சிப்பாய்க்கு பேர் வெட்டினாங்க, நம்ம சிப்பாய்க்கு படையும் எண்ணிக்கையும் மட்டும். உங்ககிட்ட ஆதாரம் இருந்தா பேரை சேர்க்கச் சொல்லி எழுதலாம், எழுதணும்.

ஐ.என்.ஏ.வுல, அதாவது நேதாஜியோட இந்திய தேசிய ராணுவத்துல சேர்ந்து இறந்தவர்னா இந்தத் தேடல் வேற, டெல்லி ஆர்க்கைவ்ஸ்ல ஐ.என்.ஏ. பேப்பர்ஸ், அப்புறம் குடும்பத்துல யாராவது தியாகி பென்ஷனுக்கு எழுதியிருந்தா கலெக்டர் ஆபீஸ் ஃபைல். சயாம் மரண ரயில் பாதையில இறந்த தோட்டத் தொழிலாளிங்க சோல்ஜர் கணக்குல வரமாட்டாங்க, அவங்க பேர் கமிஷன் லிஸ்ட்ல இருக்காது. 1962, 65, 71னா டெல்லியில 2019ல திறந்த தேசிய போர் நினைவுச்சின்னத்தோட சைட்ல பேர் தேடுங்க, உங்க மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு நேர்ல போங்க, அங்க உக்காந்திருக்குறவங்களே பழைய பட்டாளத்துக்காரங்கதான், காது குடுத்து கேப்பாங்க.

கடைசியா ஊருக்கு ஒரு தடவை

எல்லாம் கிடைச்சதுக்கப்புறம் ஊருக்குப் போங்க. சாவடியில, பழைய தாலுக்கா ஆபீஸ்ல, பள்ளிக்கூட சுவத்துல ஒரு கல்வெட்டு இருக்கான்னு பாருங்க, 1914-1919 போருக்கு இந்த ஊர்ல இருந்து இத்தனை பேர் போனாங்க, இத்தனை பேர் உயிரை விட்டாங்கன்னு நம்பர் மட்டும் போட்ட கல்லு பல ஊர்ல இருக்கு, சுண்ணாம்பு அடிச்சு அடிச்சு எழுத்து மூடியிருக்கும். அவரோட சேர்ந்து போனவங்க யாராவது திரும்பி வந்தாங்களான்னு விசாரிங்க. தனியா ஒருத்தர் போயிருக்க மாட்டார், அந்தக் காலத்துல ஒரு தெருவுல இருந்து நாலஞ்சு பேர் சேர்ந்துதான் கிளம்புவாங்க, அவங்க பேரன்கிட்ட ஒரு குரூப் போட்டோ இருக்கலாம். எங்களுக்கு பக்கத்து ஊர்ல ஒரு வீட்டுல அப்படி ஒண்ணு கிடைச்சிருக்கு, பதினோரு பேர் நிக்கிறாங்க, பின்பக்கம் பேர் எழுதல. அத்தப்பாட்டிக்கு கண்ணுல புரை, ஆபரேஷன் தை மாசம் வெச்சிருக்கோம், அதுவரைக்கும் போட்டோவை பெரிசா பிரிண்ட் போட்டு பத்திரமா வெச்சிருக்கேன்.